கூட்டினால் 5 வரவில்லையா? மேற்பொருந்துதல் தேற்றம் லேபில் தப்பும் இடங்கள்

சோதனை சின்னதுதான். மூன்று ரெசிஸ்டர், இரண்டு சப்ளை, ஒரு மல்டிமீட்டர். முதல் சப்ளையை மட்டும் வைத்து ஒரு ரீடிங், இரண்டாவதை மட்டும் வைத்து ஒரு ரீடிங், இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு ரீடிங். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். மேற்பொருந்துதல் தேற்றம் சொல்வது அவ்வளவுதான். ஆனாலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நான் வேலை பார்க்கும் லேபில், ஒவ்வொரு செமஸ்டரிலும் மூன்று மணி நேரத்தை முழுசாக விழுங்குவது இந்தச் சோதனைதான். "சார், கூட்டினா வரல சார்" என்று நோட்டோடு வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளையே இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் ரீடிங் எந்தத் தலைப்போடு ஒத்துப்போகிறதோ, நேராக அங்கே போய்விடலாம்.

அதற்கு முன்னால் சர்க்யூட்டைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எண்கள் எல்லாம் அதை வைத்துத்தான். மூன்று ரெசிஸ்டரும் 1 கிலோ ஓம். ஒரு முனை மூன்றுக்கும் பொது. இடது ரெசிஸ்டரின் மறுமுனையில் 9 வோல்ட் சப்ளையின் பிளஸ், வலது ரெசிஸ்டரின் மறுமுனையில் 6 வோல்ட் சப்ளையின் பிளஸ். நடு ரெசிஸ்டரின் மறுமுனை கீழே போகிறது. இரண்டு சப்ளையின் மைனஸும் அங்கேதான் சேர்கிறது. நடு ரெசிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தைத்தான் அளக்கிறோம். கணக்குப்படி 9 வோல்ட் மட்டும் இருந்தால் 3 மில்லி ஆம்பியர், 6 வோல்ட் மட்டும் இருந்தால் 2, இரண்டும் சேர்ந்தால் 5.

9-ம் 6-ம் சும்மா எடுத்த எண்கள் இல்லை. 15-ம் 5-ம் எடுத்தால் வேறொரு வம்பு வரும், பின்னால் சொல்கிறேன்.

முதல் கேள்வி: எதோடு எது ஒத்துப்போகவில்லை?

"தப்பா வருது" என்று சொல்வதில் இரண்டு வகை இருக்கிறது. தனித்தனியாக அளந்த இரண்டையும் கூட்டினால், சேர்த்து அளந்தது வரவில்லை என்பது ஒன்று. கூட்டினால் சரியாக வருகிறது, ஆனால் நோட்டில் போட்ட கணக்கோடு ஒட்டவில்லை என்பது இன்னொன்று. நோயே வேறு, மருந்தும் வேறு.

கூட்டல் ஒட்டவில்லை என்றால், ஒரு ரீடிங்குக்கும் அடுத்ததற்கும் இடையில் உங்கள் சர்க்யூட் மாறிவிட்டது, அல்லது குறியைத் தப்பாக எழுதிவிட்டீர்கள், அல்லது நேர்கோட்டு இயல்பு இல்லாத, அதாவது மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் மின்னோட்டம் இரண்டு மடங்காகாத, ஒரு பாகம் உள்ளே இருக்கிறது. கூட்டல் ஒட்டுகிறது, கணக்குதான் ஒட்டவில்லை என்றால், தேற்றம் சரியாகவே வேலை செய்திருக்கிறது. நீங்கள் கணக்குப் போட்ட சர்க்யூட்டும் மேசை மேல் இருக்கும் சர்க்யூட்டும் ஒன்று இல்லை. ரெசிஸ்டர் மதிப்பு, மீட்டர், வயரிங் இவற்றைப் பாருங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் பிரெட்போர்டை முழுசாகப் பிரித்துப் போட்டு முதலிலிருந்து கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

தனித்தனியாக 4.5-ம் 3-ம் வருகிறது, கூட்டினால் 7.5

நூற்றுக்கு நூறு, நிறுத்த வேண்டிய சப்ளையின் வயரைக் கழற்றி அந்தரத்தில் விட்டிருக்கிறீர்கள். 6 வோல்ட் பக்கத்தைக் கழற்றிவிட்டால் வலது ரெசிஸ்டர் சர்க்யூட்டிலேயே இல்லை. மிச்சம் இருப்பது இடதும் நடுவும் தொடராக, 9 வோல்ட்டுக்கு 2 கிலோ ஓம். 4.5 வரத்தான் செய்யும். மறுபக்கமும் அப்படியே, 6-க்கு 2 கிலோ ஓம் என்றால் 3. ஒரு பக்கம் மட்டும் மறந்திருந்தால் கூட்டுத்தொகை 6.5 அல்லது 6 என்று நிற்கும். 6.5 என்றால் 6 வோல்ட் பக்கம் திறந்து கிடந்தது, 6 என்றால் 9 வோல்ட் பக்கம்.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு பேருக்கு வருகிறது என்று யோசித்தால், நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. மழைக்காலத்தில் தர்மபுரி பக்கம் தினமும் காதில் விழும் செய்தி, கபினியிலிருந்து இத்தனை கன அடி, கிருஷ்ணராஜ சாகரிலிருந்து இத்தனை கன அடி, பிலிகுண்டுலுவில் அளந்தால் இத்தனை என்பது. இரண்டு அணைத் தண்ணீரும் கூடித்தான் ஒகேனக்கல்லில் விழுகிறது என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அணையை நிறுத்துவது என்றால் மதகை மூடுவது, அதாவது வழியையே அடைப்பது. மின்னோட்ட மூலத்தை, அதாவது குறித்த அளவு மின்னோட்டத்தைத் தள்ளும் மூலத்தை, நிறுத்தும்போது அப்படித்தான் செய்ய வேண்டும், கழற்றி அந்தரத்தில் விட வேண்டும். நம் சப்ளை மாதிரியான மின்னழுத்த மூலம் அந்த ஜாதி இல்லை. அது தள்ளுவதை நிறுத்தினால் போதும், வழி திறந்தே இருக்க வேண்டும். அதனால்தான் அதன் இடத்தில் ஒரு வயரைப் போடுகிறோம்.

எதைக் கழற்றி எங்கே வயர் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். முதலில் சப்ளையின் இரண்டு லீடையும் பிரெட்போர்டிலிருந்து எடுங்கள். அப்புறம் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே வயரைச் செருகுங்கள். சப்ளை அப்படியே இருக்க, அதன் பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே வயரைப் போட்டால் நீங்கள் ஷார்ட் செய்வது சப்ளையை.

சப்ளையை ஆஃப் செய்தேன், அல்லது குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்; ரீடிங் 3-ம் இல்லை, 4.5-ம் இல்லை

இதற்குத்தான் அதிக நேரம் போகும். மாணவர் மேல் தப்பு சொல்ல முடியாத இடமும் இதுதான். குமிழைப் பூஜ்யத்தில் வைத்தால் பூஜ்ய வோல்ட் மூலம், அதாவது ஒரு வயர் மாதிரி, என்று நினைப்பது நியாயமானதே. காகிதத்தில் அது உண்மையும் கூட.

ஆனால் லேபில் இருக்கும் பெரும்பாலான ஆர்.பி.எஸ். (ரெகுலேட்டட் பவர் சப்ளை, நம் சப்ளைப் பெட்டிதான்) மின்னோட்டத்தை வெளியே தள்ளத் தெரிந்தது, உள்ளே வாங்கத் தெரியாதது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் பிளஸ் முனையிலிருந்து வெளியே போகும் திசையில்தான் கட்டுப்படுத்தும். நம் சர்க்யூட்டில் 9 வோல்ட் மட்டும் வேலை செய்யும்போது, வலது ரெசிஸ்டர் வழியாக 3 மில்லி ஆம்பியர் மற்ற சப்ளையின் பிளஸ்ஸுக்குள் நுழையப் பார்க்கிறது. வாங்க ஆளில்லை. என்ன நடக்கும்? உள்ளே அவுட்புட்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும். ரீடிங் 3-க்குப் பக்கத்தில் தொடங்கி, ஓரிரு விநாடியில் மெல்ல ஏறி, 4.5-ஐ நோக்கிப் போய் எங்கேயோ நிற்கும். எங்கே நிற்கும் என்பது அந்தந்தப் பெட்டியின் உள்ளே என்ன இணைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பக்கத்து மேசைக்காரருக்கு 3.9, உங்களுக்கு 4.3. ஒரே லேபில் ஆளுக்கொரு விடை.

அடையாளம் எளிது. பூஜ்யத்தில் வைத்த சப்ளையின் டிஸ்பிளேயைப் பாருங்கள். குமிழ் கடைசி வரை இடது பக்கம் திரும்பியிருக்கும், டிஸ்பிளே மட்டும் 3 வோல்ட்டோ 4 வோல்ட்டோ காட்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, சப்ளை கெட்டுப்போய்விட்டது என்று டேக் கட்டி ஓரமாக வைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. மூன்றாவது பெட்டிக்கு டேக் கட்டப் போகும்போதுதான் ஒரு சீனியர் வந்து, "தம்பி, அதைத் தனியாக எடுத்துப் போட்டுப் பாருங்க" என்றார். தனியாக வைத்தால் மூன்றுமே பூஜ்யம் காட்டின. கெட்டுப்போனது ஒன்றும் இல்லை.

தீர்வு மேலே சொன்னதுதான். லீடை எடுங்கள், வயரைப் போடுங்கள். குமிழை நம்ப வேண்டாம்.

தனித்தனி ரீடிங் சரி, சேர்த்து வைத்தால் மட்டும் உதைக்கிறது

15 வோல்ட்டும் 5 வோல்ட்டும் எடுத்தவர்களுக்கு வரும் வம்பு இது, மேலே உள்ளதன் தம்பி. தனித்தனியாக 5-ம் 1.67-ம் வரும், வயர் போட்டு எடுத்திருந்தால். சேர்ந்தால் 6.67 வர வேண்டும். ஆனால் நடுச் சந்திப்பில் 6.67 வோல்ட் வர வேண்டுமென்றால், 5 வோல்ட் சப்ளைக்குள் 1.67 மில்லி ஆம்பியர் தலைகீழாக நுழைய வேண்டும். அந்தப் பெட்டி வாங்காது. ரீடிங் 6.67-ஐத் தாண்டி 7.5 வரைகூடப் போய் நிற்கும்.

மூன்றும் 1 கிலோ ஓமாக இருக்கும் சர்க்யூட்டில், பெரிய மின்னழுத்தம் சின்னதைப் போல் இரண்டு மடங்குக்குக் குறைவாக இருந்தால் இந்தப் பிரச்சினை எழாது. 9-ம் 6-ம் எடுத்ததற்குக் காரணம் அதுதான். கையேட்டில் 15-ம் 5-ம் என்றுதான் போட்டிருக்கிறது, மாற்ற முடியாது என்றால், 5 வோல்ட் சப்ளையின் முனைகளுக்குக் குறுக்கே நேரடியாக இன்னொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். அது 5 மில்லி ஆம்பியர் எடுக்கும், அதில் 1.67 சர்க்யூட்டிலிருந்து வரும், மிச்சம் 3.33-ஐ சப்ளை கொடுக்கும். சப்ளை மறுபடி தள்ளும் திசைக்கு வந்துவிட்டது, இனி 5 வோல்ட்டைச் சரியாகப் பிடிக்கும். சப்ளையின் முனைக்கே குறுக்கே இருப்பதால் இந்த ரெசிஸ்டர் மற்ற கணக்கைத் தொடாது. குமிழைப் பூஜ்யத்தில் வைக்கும் பிரச்சினைக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது, பூஜ்ய வோல்ட்டில் அந்த ரெசிஸ்டர் எதையும் எடுக்காது.

சேர்ந்த ரீடிங் 4.5, அல்லது 3, அல்லது 1

4.5 நின்றால் 6 வோல்ட் பக்கம் சர்க்யூட்டில் சேரவே இல்லை. 3 நின்றால் 9 வோல்ட் பக்கம் சேரவில்லை. பெரும்பாலும் மைனஸ் லீடைப் பொதுவில் கட்டாமல் விட்டிருப்பார்கள். அது சரியாக இருந்தால் பிரெட்போர்டைப் பாருங்கள். நீளமான போர்டுகள் பலவற்றில் ஓரத்துச் சிவப்பு, நீலப் பட்டைகள் நடுவில் அறுந்திருக்கும். மேலே வரைந்த கோடும் அந்த இடத்தில் விட்டுப்போயிருக்கும், பலர் கவனிப்பதில்லை. ஒரு பாதியில் மைனஸைக் கட்டி, மறு பாதியில் ரெசிஸ்டரைச் செருகினால் இரண்டும் தொட்டுக்கொள்ளாது. நடுவில் ஒரு சின்ன வயரால் பாலம் போட்டுவிடுங்கள்.

1 வந்தால் 6 வோல்ட் சப்ளை தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கிறது, 3-லிருந்து 2 கழிந்துவிட்டது. மைனஸ் 1 வந்தால் 9 வோல்ட் தலைகீழ். தேற்றத்தின் மேல் தப்பில்லை. குறியோடு கூட்டினால் சரியாகத்தான் வரும்.

தனித்தனிக் கூட்டல் 5, சேர்ந்தது 6 என்றால் இரட்டை சப்ளையில் டிராக்கிங் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு பக்கம் 9 வைத்தால் மறுபக்கமும் தானாக 9-க்குப் போய்விடும். சீரிஸ் பொத்தான் அழுந்தியிருந்தால் கதை வேறு. உள்ளேயே ஒரு பக்கத்து மைனஸும் மறுபக்கத்துப் பிளஸும் சேர்ந்திருக்கும். நீங்கள் வெளியே இரண்டு மைனஸையும் சேர்த்தவுடன் ஒரு பக்கம் முழுசாக ஷார்ட் ஆகி சிவப்பு விளக்கு எரியும். இரண்டு பக்கமும் தனித்தனியாக இயங்கும் நிலைக்கு மாற்றிவிடுங்கள். எந்தப் பொத்தானையும் தொடாமலேயே அந்த சிவப்பு விளக்கு எரிந்தால், மின்னோட்டக் குமிழ் அடியோடு இடது பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் வலது பக்கம் திருப்பினால் சரி.

பக்கத்து ரெசிஸ்டரில் கூட்டினால் 7 வருகிறது, சேர்த்து அளந்தால் மீட்டர் 1 காட்டுகிறது

எக்ஸ்டர்னல், அதாவது தேர்வு நடத்த வெளியிலிருந்து வருகிறவர், வந்தால் நடு ரெசிஸ்டரைக் கேட்க மாட்டார், இதைத்தான் கேட்பார். நடுவில் இரண்டு மின்னோட்டமும் ஒரே திசையில் ஓடுவதால் குறியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. வலது ரெசிஸ்டருக்கு வாருங்கள். 6 வோல்ட் சப்ளையிலிருந்து சந்திப்பை நோக்கிப் போவதைப் பிளஸ் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட் மட்டும் இருந்தால் பிளஸ் 4. 9 வோல்ட் மட்டும் இருந்தால் மின்னோட்டம் சந்திப்பிலிருந்து வெளியே போகிறது, மைனஸ் 3. கூட்டினால் 1. இடது ரெசிஸ்டரில் அதேபோல் பிளஸ் 6, மைனஸ் 2, கூட்டினால் 4. குறியை விட்டவர்களுக்கு 7-ம் 8-ம் வரும்.

டிஜிட்டல் மீட்டர் மைனஸ் குறியைத் தானே காட்டிவிடும், பார்த்து எழுதினால் போதும். வம்பு முள் மீட்டரில். முள் இடது பக்கம் முட்டி நிற்கும். மாணவர் லீடை மாற்றிச் செருகுவார், முள் அழகாக 3-க்குப் போகும், நோட்டில் 3 என்று ஏறிவிடும். லீடை மாற்றினால் நோட்டில் மைனஸ் போட வேண்டும். சர்க்யூட் கட்டும் முன்பே ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் ஒரு அம்புக்குறி வரைந்துகொண்டு, மீட்டரின் சிவப்பு லீடை அம்பின் வால் பக்கத்தில் மட்டுமே வைப்பது என்று முடிவு செய்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

கூட்டல் கொஞ்சம்தான் தவறுகிறது: 4.86-க்கு 4.97

கொஞ்சம் தவறும்போதுதான் ஆளாளுக்கு "டாலரன்ஸ் சார்" என்று சொல்லித் தப்பிப்பார்கள். டாலரன்ஸ், அதாவது ரெசிஸ்டரின் உண்மை மதிப்பு குறித்த மதிப்பிலிருந்து கொஞ்சம் விலகுவது, கூட்டலைக் கெடுக்காது. 1 கிலோ ஓம் என்று நினைத்தது 960 ஆக இருந்தாலும், மூன்று ரீடிங்கிலும் அதே 960-தான். கூட்டல் ஒட்டியே தீர வேண்டும்.

மீட்டரின் ரேஞ்சைப் பாருங்கள். மல்டிமீட்டர் மின்னோட்டத்தை அளக்கும்போது தன் உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டரை உங்கள் சர்க்யூட்டில் சேர்த்துவிடுகிறது. நம் லேப்களில் கிடக்கும் மலிவான மீட்டர்களில் 20 மில்லி ஆம்பியர் ரேஞ்சில் அது சுமார் 10 ஓம், 2000 மைக்ரோ ரேஞ்சில் சுமார் 100 ஓம். 9 வோல்ட்டுக்கு 20 மில்லி ரேஞ்சில் 2.98 எடுத்தீர்கள். அடுத்து 2-தானே வரப்போகிறது, சின்ன ரேஞ்சில் துல்லியமாக எடுக்கலாம் என்று 2000 மைக்ரோவுக்குத் திருப்பினீர்கள், 1875 காட்டியது. சேர்ந்ததற்கு மறுபடி 20-க்கு வந்தீர்கள், 4.97. கூட்டினால் 4.86-க்குக் கொஞ்சம் கீழே. நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான், ஆனால் ரேஞ்சைத் திருப்பியபோது சர்க்யூட்டில் 90 ஓம் கூடிவிட்டது. மூன்றையும் 20 மில்லி ரேஞ்சிலேயே எடுத்திருந்தால் 2.98, 1.99, 4.97. கச்சிதமாக ஒட்டும். கணக்கிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும், அது வேறு விஷயம்.

இதே காரணத்தால் மீட்டர் மூன்று ரீடிங்கிலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து மேசைக்கு மீட்டரைக் கடன் கொடுத்துவிட்டு வேறு மீட்டரில் மூன்றாவது ரீடிங் எடுப்பது எங்கள் லேபில் தினசரி நடப்பது. தொல்லையே வேண்டாம் என்றால் மின்னோட்டத்தை விட்டுவிட்டு நடு ரெசிஸ்டரின் குறுக்கே மின்னழுத்தத்தை அளங்கள். வோல்ட் ரேஞ்சில் மீட்டரின் உள்தடை 1 மெகா ஓமோ அதற்கு மேலோ இருக்கும், 1 கிலோ ஓம் சர்க்யூட்டுக்கு அது இருப்பதே தெரியாது.

ரேஞ்ச் மாறவில்லை, ஆனாலும் 0.1 விலகுகிறது என்றால் லீடைப் பிடுங்கும்போது கை பட்டு வோல்ட் குமிழ் நகர்ந்திருக்கும். 9 வோல்ட் பக்கம் 0.3 வோல்ட் மாறினால் நடுவில் 0.1 மில்லி ஆம்பியர் மாறும். ஒவ்வொரு ரீடிங்குக்கும் முன்னால் சப்ளையின் முனையில் மல்டிமீட்டரை வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள், டிஸ்பிளேயில் தெரியும் ஒற்றைத் தசமத்தை நம்பி இருக்க வேண்டாம். மின்னோட்டத்துக்கு ஆர்.பி.எஸ். டிஸ்பிளேயை நம்புவது அதைவிட மோசம். பல பெட்டிகளில் அது 10 மில்லி ஆம்பியர் படியில்தான் நகரும். நம் 5 அதற்குத் தூசு.

சப்ளைக்குப் பதில் பேட்டரி வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரிக்கு உள்தடை உண்டு, பழசாக ஆக அது கூடும். பேட்டரியை எடுத்துவிட்டு வெறும் வயர் போட்டால் அந்த உள்தடையும் சேர்ந்து காணாமல் போகிறது. நிறுத்தும்போது மூலம் போகலாம், அதன் உள்தடை இருக்க வேண்டும். சிக்னல் ஜெனரேட்டருக்கும் இதே விதிதான். அதன் அவுட்புட் 50 ஓம் என்றால் அதன் இடத்தில் வயருக்குப் பதில் 50 ஓம் ரெசிஸ்டர். ஏசி என்று வந்துவிட்டால் வெறும் அளவை மட்டும் கூட்டவும் கூடாது. ஒரே அதிர்வெண்ணில் 3-ம் 4-ம் 90 டிகிரி விலகி இருந்தால் கூட்டுத்தொகை 7 இல்லை, 5.

கூட்டல் அருமையாக ஒட்டுகிறது, கணக்குதான் எங்கேயோ இருக்கிறது

8.7, 5.8, 14.6 என்று எண்கள் வந்தால் மீட்டரை நடு ரெசிஸ்டரோடு தொடராகப் போடாமல் குறுக்கே போட்டிருக்கிறீர்கள். 10 ஓம் மீட்டர் ரெசிஸ்டரைச் சுற்றி வழி கொடுத்துவிட்டது. இடதும் வலதும் 1 கிலோ ஓமாக இருந்து மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்தியதால்தான் மீட்டரின் ஃபியூஸ் பிழைத்தது. கவனித்தீர்களா, 8.7-ம் 5.8-ம் கூட்டினால் கடைசி எண்ணில் கொஞ்சம் போக 14.6-தான். தப்பான சர்க்யூட்டிலும் தேற்றம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. இந்த மேசைக்கு எப்போது போனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், "வெரிஃபைட்" என்று கொட்டை எழுத்தில் எழுதியே வைத்திருப்பார்கள்.

0.43, 0.29, 0.71 என்றால் நடு ரெசிஸ்டர் 10 கிலோ ஓம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு வர வேண்டிய இடத்தில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. மலிவு ரெசிஸ்டரில் சிவப்பும் ஆரஞ்சும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் வாங்கினாலும் சரி, ஓசூர் தாண்டி பெங்களூர் எஸ்.பி. ரோடு போய் வாங்கினாலும் சரி, கட்டும் முன் மீட்டரில் அளந்துவிடுங்கள். சர்க்யூட்டில் இருக்கும்போது அளக்காதீர்கள். சப்ளைகளின் இடத்தில் வயர் இருக்கும்போது நடு ரெசிஸ்டரை அப்படியே அளந்தால் 333 ஓம் காட்டும், மற்ற இரண்டும் இணையாக வந்து சேர்ந்துவிடும். ஒரு காலையாவது வெளியே எடுத்துவிட்டு அளக்க வேண்டும்.

தங்கக் கோடு போட்ட 5 சதவீத ரெசிஸ்டர்களில் சேர்ந்த ரீடிங் 4.76-லிருந்து 5.26 வரை எங்கே இருந்தாலும் புகார் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாமே பூஜ்யம் என்றால் மீட்டரின் ஃபியூஸ் போயிருக்கும், முந்தின பேட்ச் செய்த உபகாரம். அதை அப்படியே விட்டு, இன்னொரு மீட்டரால் நடு ரெசிஸ்டரின் குறுக்கே மின்னழுத்தத்தைப் பாருங்கள். ஒரு சப்ளை மட்டும் இருக்கும்போது சந்திப்பில் 4.5 வோல்ட்டோ 3 வோல்ட்டோ இருந்து நடு ரெசிஸ்டரின் குறுக்கே ஒன்றும் இல்லையென்றால், தொடராக இருக்கும் மீட்டரில்தான் வழி அறுந்திருக்கிறது.

எல்லாம் சரியாகக் கட்டினேன், கூட்டல் மட்டும் ஒட்டவே ஒட்டாது

நடுவில் எல்.இ.டி. இருக்கிறதா? ஒரு வருடம் ஒரு மாணவி, விளக்கு எரிந்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்று நடு ரெசிஸ்டரை எடுத்துவிட்டு ஒரு சிவப்பு எல்.இ.டி. போட்டிருந்தார். எனக்குப் பிடித்த தவறு அது. சுமார் 1.8 வோல்ட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பாகம் எல்.இ.டி. 9 வோல்ட் மட்டும் இருந்தால் அதில் ஏறக்குறைய 5.4 மில்லி ஆம்பியர், 6 மட்டும் இருந்தால் 2.4, கூட்டினால் 7.8. சேர்த்து வைத்தால் 11.4. தனித்தனியாக வைக்கும்போது அந்த 1.8 வோல்ட்டால் குறையும் 3.6 மில்லி ஆம்பியர் இரண்டு தடவை கழிகிறது, சேர்த்து வைக்கும்போது ஒரே ஒரு தடவைதான் கழிகிறது. அந்த வித்தியாசம்தான் இது. ஓம் விதிக்கு அடங்காத பாகத்துக்குத் தேற்றம் வாக்குக் கொடுக்கவே இல்லை. டார்ச் பல்பு போட்டாலும் இதே கதை, சூடாகச் சூடாக அதன் தடை ஏறிக்கொண்டே போகும்.

ரெசிஸ்டர்தான் இருக்கிறது, ஆனால் கூட்டியது திறனை என்றாலும் ஒட்டாது. நடு ரெசிஸ்டரில் தனித்தனியாக 9 மில்லி வாட்டும் 4 மில்லி வாட்டும், கூட்டினால் 13. உண்மையில் அங்கே 25. வலது ரெசிஸ்டரில் இன்னும் வேடிக்கை, தனித்தனியாக 9-ம் 16-ம் சேர்ந்து 25 வரும், உண்மையில் 1 மில்லி வாட்தான். திறன் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் போகிறது. முதலில் மின்னோட்டத்தைக் கூட்டி, அப்புறம் வர்க்கப்படுத்துங்கள்.

ஆப்ஆம்ப், டிரான்சிஸ்டர் இவற்றின் மாடல் உள்ள சர்க்யூட்டில் சார்பு மூலம் வரும். அதை நிறுத்தக் கூடாது. சர்க்யூட்டில் எங்கேயோ இருக்கும் மின்னழுத்தத்தைப் பார்த்து ஆடுவது அது, நீங்கள் குமிழ் திருப்பி வைத்த மூலம் இல்லை.

3.00, 2.00, 5.00

கடைசியாக, ஒரு தப்பும் இல்லாத ரீடிங். இது வந்தால் நான் அப்சர்வேஷன் நோட்டை வாங்கிக்கொண்டு, மேசையில் இருக்கும் நடு ரெசிஸ்டரைப் பிடுங்கி, "அளந்து சொல்லுப்பா" என்பேன். போன வாரம் ஒரு தம்பி அளந்தார், 960 ஓம். மீட்டரின் 10 ஓமையும் சேர்த்தால் அவருக்கு 3.06, 2.04, 5.10 வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ரெசிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் மீட்டரைத் தொடராகக் கட்டி, முதல் ரீடிங்கிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்.